எட்டு மூட்டை உப்பும் ஒரு ரப்பர்க் குழாயும்

தம்பிமாரே, நம் தொழிலில் மிக எளிதாக வாய்க்கு வந்துவிடும் வாக்கியம் ஒன்று உண்டு: “வாகனத்தில் பிழை ஒன்றும் இல்லை.” நாற்பது ஆண்டுகளுக்கு மேல் புத்தளத்தில் கராஜ் நடத்திய நான் அதனை எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பெரும்பாலும் அது உண்மையாகவே இருந்தது. ஒரு தடவை அது பொய்யாயிற்று. அந்தப் பொய்யை நான் சொல்ல, அதன் பாரத்தை வேறொரு மனிதர் இரண்டு மாத காலம் சுமந்தார். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிரேக்கைக் கழற்றுவதும் பூட்டுவதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கணினியைச் செருகிக் குறை பார்க்கும் கருவிகளும் இப்போது உங்களிடம் உள்ளன. ஆகையால் அவற்றைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. எந்தக் கருவியும் சொல்லித்தராத ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அந்த வாகனம் எட்டுப் பேர் அமரக்கூடிய பெரிய டீசல் ஜீப். உப்பளமும், வண்ணாத்திவில்லுப் பக்கம் கஜு என்னும் முந்திரித் தோட்டமும் உடைய ஹாஜியார் ஒருவருக்குச் சொந்தமானது. வெளிநாட்டு வாகனங்களின் இறக்குமதி நின்றுபோயிருந்த ஆண்டுகள் அவை. புதியது வாங்க வழியில்லாமையால், உள்ளதைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்ற வேண்டிய நிலை எல்லோருக்கும் இருந்தது. ஹாஜியார், அவரது மனைவி, மூத்த மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் இருவர், பள்ளிக்கூடம் செல்லும் இளைய மகன் என்று வீட்டில் ஏழு பேர். ஓட்டுநர் நவ்பர் எட்டாமவர். கற்பிட்டியில் பிறந்தவர். அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். ஆறு வருடங்களாக அந்த வீட்டாரின் உயிர்கள் அவரது வலது காலின் கீழ்தான் இருந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பின் குடும்பம் முழுவதும் தோட்டத்துக்குப் புறப்பட்டது. வண்ணாத்திவில்லுவை அண்மித்த ஓரிடத்தில், பற்றைக்குள் இருந்து மாட்டுக் கூட்டம் ஒன்று சடுதியாகத் தெருவுக்கு ஏறிற்று. நவ்பர் பிரேக்கை மிதித்தார். பெடல் பஞ்சைப் போல் கீழிறங்கிற்று. மீண்டும் மீண்டும் மிதித்தார். கைப் பிரேக்கையும் இழுத்து, ஜீப்பைத் தெருவோர மணலுக்குள் திருப்பினார். கம்பி வேலியொன்றைச் சாய்த்துக்கொண்டு வாகனம் நின்றது. மாடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் அமர்ந்திருந்த ஹாஜியாரின் மனைவிக்கு மட்டும் முன் ஆசனத்தில் நெற்றி மோதி, தையல் போட வேண்டியதாயிற்று.

மறுநாட்காலை ஜீப் என் கராஜுக்கு வந்தது. ஹாஜியார் கதிரையில் அமர்ந்தார். நவ்பர், திறப்பு என்று நாங்கள் சொல்லும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாகனத்தின் பின்னால் நின்றார்.

இங்கே நம் ஊரின் வழக்கமொன்றைக் குறிப்பிட வேண்டும். முதலாளி வந்திருக்கும்போது வாகனத்தின் நோயை முதலாளியே சொல்வார். பாஸ் என்று மரியாதையாக அழைக்கப்படுகின்ற மெக்கானிக்கும் முதலாளியையே கேட்பார். ஓட்டுநரைப் பார்த்துக் கேட்பது முதலாளிக்கு மரியாதைக் குறைவு என்று நாங்கள் கருதினோம். ஸ்டியரிங்கைப் பிடித்தவர் ஒருவர், அதன் நோயைச் சொல்பவர் இன்னொருவர். இந்த ஏற்பாட்டில் உள்ள பைத்தியக்காரத்தனம் அத்தனை வருடமாக என் கண்ணுக்குத் தெரியவில்லை.

“பிரேக் புடிக்கல்லயாம் பாஸ்,” என்றார் ஹாஜியார். “இவர் சொல்றார். நல்லாப் பாருங்க.”

“எல்லாரும் ஏறி வரக்குள்ள...” என்று நவ்பர் தொடங்கினார்.

“நவ்பர், நீங்க கொஞ்சம் இரிங்க. பாஸ் பாக்கட்டும்.”

நான் அப்போதே ஸ்பேனரை எடுத்துவிட்டிருந்தேன். நவ்பரின் வாயில் பாதியில் நின்ற வசனம் என் காதில் விழுந்தது. அது அச்சத்தால் வந்த பேச்சு என்று எண்ணிக்கொண்டேன். “எல்லாரும் ஏறி வரக்குள்ள” என்ற அந்த மூன்று சொற்களில் முழு விடையும் இருந்தது என்பதை அறிய எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின.

இரண்டு நாள் பார்த்தேன். பிரேக் எண்ணெய் ஒரு துளியும் குறைந்திருக்கவில்லை. எங்கும் கசிவில்லை. பிரதான சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தேன். புதியது போல் இருந்தது. வாகனத்தைத் தூக்கி நிறுத்தி, கீழே ஒருவரை இருத்தி, மேலே இன்னொருவரை மிதிக்கச் செய்து, ஒவ்வொரு குழாயாகப் பார்த்தோம். பின்னர் நானே நேரான நல்ல தெருவில் வேகமாக ஓட்டிச் சென்று, ஒரு தடவையன்று, பதினைந்து இருபது தடவை சடுதியாக மிதித்தேன். ஒவ்வொரு தடவையும் வாகனம் ஆணி அடித்தாற் போல் நின்றது.

ஜீப்பை நானே ஹாஜியாரின் வீட்டுக்கு ஓட்டிச் சென்றேன். முற்றத்தில் வீட்டார் எல்லோரும் நின்றிருந்தனர். நவ்பரும் நின்றிருந்தார். நெற்றியில் கட்டுடன் ஹாஜியாரின் மனைவி வாசற்படியில் நின்றார். எல்லோருடைய முகமும் என்னைப் பார்த்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டே அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

“வாகனத்தில பிழை ஒண்டும் இல்ல ஹாஜி.”

மருமகன் சிரித்தார். “அப்ப பிழை பிரேக்கில இல்ல, கால்ல.”

இளைய மகனும் சிரித்துவிட்டான். ஹாஜியார் சிரிக்கவில்லை. சினக்கவும் இல்லை. அவர் நல்ல மனிதர். அதனால்தான் அது இன்னும் கடுமையாக இருந்தது. “நவ்பர், நீங்க கொஞ்ச நாளைக்கி ஓய்வா இரிங்க. பொறகு பாப்பம்,” என்றார். அதன் பொருள் அங்கு நின்ற அனைவருக்கும் விளங்கிற்று.

நவ்பர் என்னை ஒருமுறை பார்த்தார். பின்னர் வீட்டுத் திறப்பு ஒன்றை ஜீப்பின் இரண்டாவது திறப்போடு கோத்து வைத்திருந்த வளையத்தை எடுத்து, முன் விறாந்தைக் கதிரையின் மேல் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வெளியே நடந்தார். ஆறு வருடம் வேலை செய்த வீட்டிலிருந்து ஒருவர் அவ்வளவு மெதுவாக வெளியேறுவதை நான் கண்டதில்லை.

அதன் பின்னர் மருமகனே ஜீப்பை ஓட்டினார். தனியாகக் கொழும்புக்குப் போய் வந்தார். மனைவியையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு சிலாபம் போய் வந்தார். பிரேக் ஒரு நாளும் பிசகவில்லை. வழியில் என்னைக் கண்டால், “பாஸ், என்ட கால் நல்லா இரிக்கி!” என்று கையை உயர்த்துவார். நானும் சிரிப்பேன். என் தீர்ப்புச் சரியாகிவிட்டது என்ற நிறைவு எனக்கு இருந்தது. இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பெரிய வெட்கம்.

இரண்டு மாதம் கழிந்தது. பள்ளிக்கூட விடுமுறைக்கு ஏழு பேரும் நுவரெலியா போவதாக ஏற்பாடு. பயணத்துக்கு முன் பார்த்துத் தரும்படி ஜீப்பைக் கராஜில் விட்டுச் சென்றார்கள். அன்று முற்பகல், முச்சக்கர வண்டியொன்று வாசலில் வந்து நின்றது. நவ்பர் இறங்கினார். முகம் கறுத்து, கன்னம் ஒட்டியிருந்தது. வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார் என்று முன்னரே கேள்விப்பட்டிருந்தேன். ஹாஜியார் வீட்டில் நடந்தது ஊருக்குத் தெரிந்தபடியால், குடும்ப வாகனம் எதனையும் அவர் கையில் கொடுக்க யாரும் முன்வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

“பாஸ், வேலை கேட்டு வரல்ல,” என்றார், நான் வாய் திறக்கும் முன்னரே. “ஏழு பேரும் நுவரெலியா போறாங்களாம். உண்மையா?”

“ஓம். நாளைக்கி விடிய. மருமகன் ஓட்டுறார்.”

“அந்தப் புள்ளைகள ஏத்திக்கிட்டு அந்த எறக்கத்தில எறங்க வேணாமெண்டு சொல்லுங்க பாஸ். என்ன நம்ப வேணாம். வேற ஏதாவது சாட்டுச் சொல்லி நிப்பாட்டுங்க. சாமான் வரல்லண்டு சொல்லுங்க. அது போதும்.”

“நவ்பர், நான் ரெண்டு நாளாப் பாத்தேனே.”

“பாத்தீங்க. கேக்கல்லயே.”

அந்தச் சொல்லில் குற்றச்சாட்டின் சூடு இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். நான் ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் போட்டேன். ஓட்டுநர் ஒருவருக்கு என் கராஜில் கதிரை போட்டது அதுவே முதல் தடவை என்று எண்ணுகிறேன்.

“இப்ப கேக்கிறேன். எத்தன தடவ நடந்த?”

“மூணு தடவ. மொதல்ல எலுவன்குளத்துக்குப் போகக்குள்ள. பொறகு கல்யாண வீடொண்டுக்குப் போகக்குள்ள. மூணாவது மாடு.”

“தனியா ஓட்டக்குள்ள?”

“ஒரு நாளும் இல்ல.” அவர் குனிந்து தமது வலது பாதத்தைப் பார்த்தார். “அதான் பாஸ் எனக்கே சந்தேகமாப் பெய்த்து. எல்லாரும் இருந்தா பயந்து பிழையா மிதிக்கிறேனோ எண்டு. இந்தக் காலைத்தானே மருமகன் சொன்ன.”

“மூணு தடவயும் ஏழு பேரும் இருந்தாங்களா?”

“ஏழு பேரும். சாமானும்.”

நான் கதிரையிலிருந்து எழுந்துவிட்டேன்.

அத்தகைய ஜீப்புகளின் பின் அச்சுக்கு மேலே ஒரு சிறு வால்வு இருப்பது உங்களுக்குத் தெரியும். வாகனம் எவ்வளவு பாரம் சுமக்கிறது என்பதைப் பார்த்து, பின் சில்லுகளுக்குப் போகும் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது அதன் வேலை. வெறும் வாகனமாயின் கொஞ்சம் அனுப்பும். பாரம் ஏறி அடிப்பகுதி தாழ்ந்தால் முழுவதையும் அனுப்பும். அதைப் பல தடவை கழற்றிப் பூட்டியிருக்கிறேன். ஆனால் அந்த இரண்டு நாளும் அதனை நினைத்துப் பார்க்கவில்லை. நான் வெறும் வாகனத்தைச் சோதித்தேன். தூக்கி நிறுத்தியபோது அச்சு கீழே தொங்கிற்று. அழுத்தம் இன்னும் குறைந்தது. தெருவில் வேகமாக ஓட்டிச் சடுதியாக மிதித்தபோது பின்புறம் மேலெழுந்தது, அப்போதும் குறைந்தது. எவ்வளவு கடுமையாகத் தேடினேனோ அவ்வளவுக்கு நோய் ஒளித்துக்கொண்டது. அது தலைகாட்டுவதற்கு ஒரு குடும்பமே ஏற வேண்டியிருந்தது.

குடும்பத்தை ஏற்றிச் சோதிக்க முடியாது. ஆனால் நமது ஊரில் பாரத்துக்குப் பஞ்சமில்லை. என் கராஜுக்கு அடுத்த வளவு உப்புக் களஞ்சியம். எட்டு மூட்டை இரவல் கேட்டேன். மூட்டை தூக்கும் மூவர் வந்து, ஜீப்பின் கதவுகள் திறந்திருப்பதைக் கண்டு நின்றுவிட்டனர்.

“சீட்டிலயா பாஸ் வைக்கச் சொல்றீங்க?”

“சீட்டிலதான். ஆக்கள் இருக்கிற மாதிரி.”

“என்ன, மலநாட்டில உப்பு இல்லயாமா? ஜீப்பில போகுது!”

“இந்தப் பெரிய மூட்ட மருமகன். அத முன்னுக்கு இருத்துங்க,” என்றார் இன்னொருவர். “பெல்ட்டயும் போட்டுடுங்க, பொலிஸ் புடிச்சிடும்.”

நவ்பர்கூடச் சற்றுச் சிரித்தார். இரண்டு மாதத்தில் அவர் சிரித்தது அப்போதுதானோ என்னவோ.

ஏழு மூட்டைகளை ஆசனங்களிலும் எட்டாவதைப் பயணப் பைகளின் இடத்திலும் வைத்தோம். ஜீப்பின் பின்புறம் நன்கு தாழ்ந்தது. அதனைத் தூக்காமல், சில்லுகள் நிலத்திலேயே நிற்கும்படி குழியின் மேல் ஓட்டி நிறுத்தச் சொன்னேன். நான் மின்விளக்குடன் குழிக்குள் இறங்கினேன். பெடலை மிதிப்பதற்கு நவ்பரையே இருத்தினேன். அந்தக் காலைத்தானே நாங்கள் குற்றவாளி ஆக்கியிருந்தோம்.

“எஞ்சினப் போட்டு மிதிங்க.”

“மிதிக்கிறேன்.”

“இன்னும்.”

“போகுது பாஸ். கீழ போகுது! இதான். இதேதான்!”

இரண்டு மாதமாகத் தன்னையே நம்பாதிருந்த மனிதர், தன் காலைத் திரும்பப் பெற்றுக்கொண்ட குரல் அது.

கீழே நானும் கண்டேன். பின் அச்சுக்குப் போகும் ரப்பர்க் குழாய் என் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி இருந்தது. நவ்பர் மிதிக்க மிதிக்க அதன் நடுப்பகுதி, களப்பில் பிடிபட்ட பேத்தை மீனின் வயிறு ஊதுவதைப் போல் ஊதிற்று. காலை எடுத்தால் சுருங்கி, ஒன்றும் அறியாதது போல் பழைய வடிவுக்கு வந்தது. ஒரு சொட்டும் கசியவில்லை. சில்லுக்குப் போக வேண்டிய அழுத்தத்தை அந்த வயிறே விழுங்கிக்கொண்டிருந்தது. நுவரெலியாவிலிருந்து இறங்கும் வளைவுகளில் ஓயாமல் மிதிக்கும்போது அது வெடித்திருந்தால் என்ற எண்ணம் வந்தது. அதற்கு மேல் எண்ணவில்லை.

“எடுங்க கால,” என்று சொல்லிவிட்டு, குழாயைக் கையால் பிடித்தேன். விரல்நகம் அதனுள் புதைந்தது. விரலை மூக்குக்கருகே கொண்டுபோனேன். பழைய எஞ்சின் ஒயில் வாசனை.

தம்பிமாரே, இந்த இடத்தில் நான் குழிக்குள்ளேயே சற்று நேரம் நின்றுவிட்டேன். அந்த வாசனையின் காரணம் எனக்கு மட்டுமே தெரியும்.

நமது கரையில் இரும்பைத் தின்பது உப்புக் காற்று. காற்றுக் காலத்துக்கு முன்னர் வாகனங்களின் அடிப்பகுதிக்குப் பழைய எஞ்சின் ஒயிலைச் சிறிது மண்ணெண்ணெய் கலந்து விசிறியடிப்பது இங்கே பலருடைய வழக்கம். துருவுக்கு அது ஓரளவு தடைதான். என் கராஜில் இதனைக் காற்றழுத்தக் கருவியால் நேர்த்தியாகச் செய்வேன் என்று பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்குப் பெருமையும் இருந்தது. ஹாஜியாரின் ஜீப்புக்கு ஆண்டுதோறும் நானே அடித்தேன். பிரேக் தட்டுகளில் படாமல் சாக்கால் மூடுவேன். ஆனால் ரப்பர்க் குழாய்களுக்கு மட்டும் துணியை ஒயிலில் தோய்த்து, தனியாக, கூடுதலாகத் தடவிவிடுவேன். வெயிலுக்கும் உப்புக்கும் ரப்பர் வெடிக்காமல் இருக்கட்டும் என்று நானாக எண்ணி, நானாகச் சேர்த்துக்கொண்ட முறை அது.

பிரேக் எண்ணெய்க்குப் பதிலாக எஞ்சின் ஒயிலை ஊற்றினால் உள்ளேயுள்ள ரப்பர் யாவும் ஊதி அழிந்துவிடும் என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே நாம் கற்கிறோம். நானே பலருக்குக் கற்பித்திருக்கிறேன். உள்ளே ஊற்றினால் நஞ்சு என்று அறிந்த நான், வெளியே தடவினால் மருந்து என்று நம்பினேன். இரண்டும் ஒரே ரப்பர்தான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

“பாஸ், கண்டீங்களா?” என்று மேலிருந்து நவ்பர் கேட்டார்.

“கண்டேன்.”

“பழசாப் பெய்த்தாக்கும், என்ன?”

அவர் எனக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டார்; திறந்தது அவருக்கே தெரியாது. பழைய குழாய், இறக்குமதி இல்லாத காலம், யார் என்ன செய்வது? அவ்வாறு சொல்லியிருந்தால் எல்லோரும் ஒப்புக்கொண்டிருப்பார்கள். நவ்பரின் பெயரும் துலங்கியிருக்கும், எனது பெயரும் கெட்டிருக்காது. அந்த வாசலில் நான் ஒரு கணம் நின்றதை மறைக்க விரும்பவில்லை. ஆயின் அதே ஒயிலை நான் தடவிய வேறு ஜீப்புகளும் வான்களும் அந்நேரம் புத்தளத்துத் தெருக்களில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தன. “பழசு” என்று சொன்னால் அவற்றை யார் நிறுத்துவது?

குழியிலிருந்து ஏறி வந்து, நவ்பரிடம் அனைத்தையும் சொன்னேன்.

“அப்ப மருமகன் சொன்னது பாதி சரி,” என்றார். “பிழை பிரேக்கில இல்ல. ஆனா கால்லயும் இல்ல, கையில.”

நான் அதற்குத் தகுதியானவன்தான்.

நான் ஆளனுப்பியபடி, பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து ஹாஜியார் வந்தார். வந்தவர் முதலில் கண்டது தமது ஆசனங்களில் வரிசையாக அமர்ந்திருந்த உப்பு மூட்டைகளை.

“யா அல்லாஹ்! என்ன பாஸ் இது? என்ட சீட்டில உப்பா?”

“அது ஒங்கட குடும்பம் ஹாஜி. ஏறிப் பெடல மிதிங்க.”

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஏறி மிதித்தார். பெடல் கீழே போயிற்று. கண்ணாடியில் பின்னாலிருந்த மூட்டைகளைப் பார்த்தார். அவற்றின் இடத்தில் யார் யார் அமர்வார்கள் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். மெதுவாக இறங்கி, நவ்பரின் முன்னால் போய் நின்றார்.

“நவ்பர், நாளையிலிருந்து வேலைக்கி வாங்க.”

“வேல வேற, பேர் வேற ஹாஜி,” என்றார் நவ்பர். குரலை அவர் உயர்த்தவில்லை. “பாஸ் அண்டைக்கி ஒங்கட முத்தத்தில, எல்லாருக்கும் முன்னால சொன்னார். அதே எடத்தில, அதே ஆக்களுக்கு முன்னால, திருப்பிச் சொல்லட்டும். பொறகு வேலயப் பத்திக் கதப்பம்.”

ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

அன்று மாலையே போனோம். அதே முற்றம். ஹாஜியாரின் மனைவி அதே வாசற்படியில் நின்றார்; நெற்றியில் தழும்பு தெரிந்தது. நான் கழற்றிய குழாயைக் கடதாசியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். அதனை எடுத்துக் காட்டி, அன்று நான் சொன்னது பிழையென்றும், வாகனத்தில் பிழை இருந்ததென்றும், அந்தப் பிழையைத் தடவிவிட்டது எனது கையென்றும் சொன்னேன். நவ்பர் அன்று மணலுக்குள் திருப்பியிராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதையும் சொன்னேன். மேடையில் பேசிப் பழகியவனல்லன் நான்.

முதலில் பேசியவர் ஹாஜியாரின் மனைவி. “அவருக்குப் பின்னாலதானே நான் இருந்த. மூணு தரம், நாலு தரம் மிதிச்சத என்ட கண்ணால கண்டேன். யாராவது என்ன ஒரு சொல் கேட்டீங்களா?”

யாரும் கேட்டிருக்கவில்லை. நானுந்தான் கேட்கவில்லை. வாகனத்தின் நோயை அறிந்த இருவரில் ஒருவரை ஜீப்பின் பின்னால் நிறுத்தினேன். மற்றவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

மருமகன் முன்னால் வந்தார். நவ்பரைப் பார்த்து, மூத்த சகோதரரை அழைப்பது போல், “நானா, நான் அண்டைக்கி சொன்னத மனசில வைக்காதீங்க,” என்றார்.

“வெச்சாச்சு தம்பி,” என்றார் நவ்பர். “மெதுவா எறங்கும்.”

பயணம் நான்கு நாள் பிந்திற்று. நான்கு சில்லுகளுக்கும் உரிய புதிய குழாய்களைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துப் பூட்டினேன். அந்த நான்கு நாளும் ஒயில் அடித்த வாகனங்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து, உரியவர்களைத் தேடிச் சென்று சொன்னேன். ஒருவர் என்னை நன்றாகத் திட்டினார். “வேல கொறஞ்சு பெய்த்தா பாஸ், வீடு வீடா வாறீங்க?” என்று இன்னொருவர் கேட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வானொன்றில் குழாய் அதே போல் மெத்தென்று இருந்தது. அதன் சொந்தக்காரர் திட்டவுமில்லை, நன்றி கூறவுமில்லை. வானின் திறப்பை என் கையில் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

ஐந்தாம் நாள் விடிய ஹாஜியாரின் வீட்டுக்குப் போனேன். வரச் சொன்னவர் நவ்பர். முச்சக்கர வண்டியை அதன் சொந்தக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, அயர்ன் பண்ணிய வெள்ளைச் சேர்ட்டுடன் ஜீப்பின் பக்கத்தில் நின்றிருந்தார். ஏழு பேரையும் ஏற்றினார். பைகளையும் ஏற்றினார். ஜீப்பின் பின்புறம் தாழ்ந்தது. பின்னர் ஓட்டுநர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, “ஏறுங்க பாஸ்,” என்றார்.

ஏறினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து ஆசனத்திலும் கண்ணாடியிலுமாக ஏழு முகங்கள் தெரிந்தன. இந்த முறை அவை மூட்டைகள் அல்ல. பேரப்பிள்ளைகளில் சிறியவள் என் கழுத்துக்குப் பின்னால் எதையோ மென்றுகொண்டிருந்தாள். காலை வைத்து மிதித்தேன். பெடல் பாதியில் கல்லாய் நின்றது. முழுப் பலத்தையும் கொடுத்து, நெடுநேரம் பிடித்தேன். ஓர் இம்மியும் இறங்கவில்லை.

நவ்பர் கதவோரம் குனிந்து கேட்டார். “இப்ப என்ன சொல்றீங்க பாஸ்?”

நாற்பது வருடப் பழக்கத்தால் அந்தப் பழைய வாக்கியம் நாவின் நுனிக்கு வந்துவிட்டது. அதனை விழுங்கினேன்.

“எனக்குத் தெரிஞ்ச மட்டில ஒரு பிழையும் காணல்ல, நவ்பர். வழியில உங்களுக்கு ஏதாவது தோணினா, நிப்பாட்டிட்டு எனக்குச் சொல்லுங்க. நான் கேப்பேன்.”

“அது போதும்,” என்றார் அவர். நான் இறங்க, அவர் ஏறினார். கதவை மூடினார். புறப்படுவதற்கு முன் தமது காலால் ஒருமுறை மிதித்துப் பார்த்துக்கொண்டார்.